மதகைக் காப்பவனுக்குக் கூலி எங்கே?

"24 மணி நேரத்துக்குள் பதில் வந்தாக வேண்டும்!"

2022 ஜனவரி மாதத்தில் சுவீடன் நாட்டில் ஒரு மனிதருக்கு இப்படி ஓர் ஓலை வந்தது. அனுப்பியது அமெரிக்காவின் மிகப் பெரிய கம்பெனிகளின் வரிசையில் நிற்கும் ஒரு கம்பெனி. பெற்றுக்கொண்டவர் டேனியல் ஸ்டென்பர்க் என்ற மென்பொருள் உழைப்பாளி.

அவர் அந்தக் கம்பெனியின் சம்பளக்காரரா? இல்லை. கம்பெனிக்கும் அவருக்கும் ஒப்பந்தம் ஏதேனும் உண்டா? இல்லை. பிறகு எந்த உரிமையில் உத்தரவு போட்டது? அவர் எழுதி உலகத்துக்கு இலவசமாகக் கொடுத்த மென்பொருள் தன்னிடம் ஓடுகிறது என்ற ஒரே உரிமையில்!

அந்த நாட்களில் "லாக்-போர்-ஜே" என்ற வேறொரு மென்பொருளில் பெரிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு உலகமே கலங்கிப் போயிருந்தது. கம்பெனி தன் வீட்டுக்குள் எந்தெந்தச் சரக்கு ஓடுகிறது என்று தானே பார்க்கவில்லை. கண்ணில் பட்டவருக்கெல்லாம் கேள்விப் பட்டியல் அனுப்பியது. ஸ்டென்பர்க்கின் மென்பொருளுக்கும் அந்த ஓட்டைக்கும் சம்பந்தமே கிடையாது. அவர் பதில் எழுதினார்: பராமரிப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள், எல்லாக் கேள்விகளுக்கும் சந்தோஷமாகப் பதில் தருகிறேன் என்று. கம்பெனி திருப்பி எழுதியபோது அவருடைய பெயரைக்கூடச் சரியாக எழுதவில்லை. டேனியலை "டேவிட்" ஆக்கிவிட்டது! அவரும் சளைக்கவில்லை. அடுத்த பதிலை "கோலியாத்துக்கு" என்று தொடங்கினார்.

சிரிப்பு வருகிறதல்லவா? சிரித்துவிட்டு யோசியுங்கள். பிறர் உழைப்பை வாங்கிக்கொண்டு, உழைத்தவனின் பெயரைக்கூடத் தெரிந்துகொள்ளாமல், உத்தரவு மட்டும் போடும் இந்தச் சுபாவத்தை ஆலைத் தொழிலாளிக்கும் பண்ணையாளுக்கும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை.

கர்ல் என்பது என்ன?

ஸ்டென்பர்க் பராமரிக்கும் மென்பொருளின் பெயர் "கர்ல்". அது செய்யும் வேலையைச் சொல்லுவது சுலபம். ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும் செய்தியை இன்னொரு கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்து சேர்ப்பது, இங்கிருப்பதை அங்கே கொண்டுபோய்க் கொடுப்பது. இவ்வளவுதான் வேலை.

இது இரண்டு உருவத்தில் இருக்கிறது. ஒன்று, கட்டளைக் கருவி. கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் "கர்ல்" என்று எழுதி, பக்கத்தில் ஒரு முகவரியை எழுதினால் போதும், அந்த முகவரியில் உள்ளதை எடுத்து வந்து கொட்டும். இன்னொன்று, லைப்ரரி. இதைத் தனியாக யாரும் ஓட்டுவதில்லை. மற்ற மென்பொருள்கள் தங்கள் வயிற்றுக்குள் இதை வைத்துக்கொண்டு, செய்தி கொண்டுவர வேண்டிய போதெல்லாம் இதை ஏவுகின்றன. ஆலையில் ஒவ்வொரு இயந்திரத்துக்குள்ளும் பேரிங் இருப்பதுபோல. துணி வாங்குகிறவன் கண்ணுக்குப் பேரிங் தெரியாது. அது நின்றால் இயந்திரம் நிற்கும்.

இதன் பிறப்பு 1996-ல். பிரேசில் நாட்டைச் சேர்ந்த ஒருவர் எழுதிய ஒரு சிறிய கருவி ஸ்டென்பர்க்கின் கையில் வந்தது. நாணய மாற்று விகிதங்களைத் தானாக எடுத்துவர ஒரு வழி அவருக்குத் தேவைப்பட்டது. அதற்காக அதைத் திருத்தினார், வளர்த்தார். 1998 மார்ச்சில் "கர்ல்" என்று பெயரிட்டு வெளியிட்டார். 2000-ல் லைப்ரரி வந்தது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், பார்க்கலாம், திருத்தலாம், தங்கள் சரக்கில் சேர்க்கலாம், விற்கலாம் என்ற அனுமதியோடு வந்தது. இதற்குத்தான் திறமூல மென்பொருள் என்று பெயர்.

இன்று அது எங்கே இருக்கிறது? எங்கே இல்லை என்று கேளுங்கள்! 2018 முதல் விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் கூடவே வருகிறது. ஆப்பிள் கம்ப்யூட்டர்களில் இருக்கிறது. கைபேசிகளில், தொலைக்காட்சிப் பெட்டிகளில், மோட்டார் கார்களில், விளையாட்டுக் கருவிகளில் இருக்கிறது. 2021 ஏப்ரல் 19-ல் செவ்வாய்க் கிரகத்தில் ஒரு சிறிய ஹெலிகாப்டர் பறந்ததே, அந்த வேலைக்குப் பயன்பட்ட திறமூல மென்பொருள்களின் வரிசையிலும் கர்ல் உண்டு. ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட இடங்களில் இது நிறுவப்பட்டிருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். இதைப் படிக்கும் தோழரே, உங்கள் சட்டைப் பையில் இருக்கும் கைபேசிக்குள்ளும் அது உட்கார்ந்திருக்கக் கூடும்.

பராமரிப்பு என்பது வேலை இல்லையா?

"எழுதி முடித்தாயிற்று, கொடுத்தாயிற்று. இனி என்ன செலவு?" என்று கேட்கிறார்கள் கனவான்கள்.

வாய்க்காலை வெட்டிவிட்டால் போதுமா? வண்டல் படிகிறது, கோரை முளைக்கிறது, நண்டு வளை தோண்டுகிறது, மதகுப் பலகை உளுத்துப் போகிறது. வருஷா வருஷம் தூர் வார வேண்டும். மழைக்காலத்தில் இரவில் விளக்கை எடுத்துக்கொண்டு கரையில் நடக்க வேண்டும். இதையெல்லாம் செய்பவனைத் தண்ணீர் பாய்கிற வரையில் யாரும் நினைப்பதில்லை. கரை உடைந்த அன்றுதான் "அவன் எங்கே போனான்?" என்று கூப்பாடு போடுகிறார்கள்.

மென்பொருளின் கதியும் அதுதான். உலகத்தில் கம்ப்யூட்டர்களின் வகை ஒன்றா, இரண்டா? எத்தனையோ வகையில் இது ஓட வேண்டும். கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் முறைகளில் இருபத்தைந்துக்கும் மேலானவை இதற்குத் தெரிந்திருக்க வேண்டும். கட்டளைக் கருவிக்கு மட்டும் 250-க்கு மேற்பட்ட விசைகள் உண்டு. ஒரு விசையைத் தொட்டால் இன்னொன்று கெடாமல் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். யாராவது ஒரு திருத்தம் அனுப்பினால் வரிவரியாகப் படித்துப் பார்க்க வேண்டும். குறை சொல்லி வரும் கடிதங்களைப் பிரிக்க வேண்டும். சுமார் எட்டு வாரத்துக்கு ஒரு முறை புதுப் பதிப்பு வெளியிட வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது ஒன்று உண்டு. பழையதை உடைக்காமல் புதியதைச் சேர்ப்பது! 2006-ல் இந்த லைப்ரரியை நம்பிக் கட்டிய மென்பொருள் இன்றைய பதிப்போடும் ஓட வேண்டும் என்று ஒரு விரதம் போலக் காத்து வருகிறார்கள். ஓடுகிற இயந்திரத்தை நிறுத்தாமல் பல்சக்கரத்தை மாற்றுவது போன்ற காரியம் இது. பிட்டர் வேலை தெரிந்த தோழர்களுக்கு இதன் அருமை புரியும்.

தவறு நேர்ந்தால்? 2023 அக்டோபர் 11-ல் வெளிவந்த பதிப்பு ஒரு பெரிய பாதுகாப்பு ஓட்டையை அடைத்தது. அந்த ஓட்டை 2020-ல் தானே எழுதிய வரிகளில் நுழைந்தது என்று ஸ்டென்பர்க் பகிரங்கமாக எழுதினார், எப்படி நேர்ந்தது என்று முழுக் கணக்கையும் உலகத்தின் முன் வைத்தார். எத்தனை கம்பெனிகள் தங்கள் குறையை இப்படித் திறந்து காட்டுகின்றன?

இந்த வேலையில் 3,000-க்கும் மேற்பட்டவர்கள் பல தேசங்களிலிருந்து ஒரு கை கொடுத்திருக்கிறார்கள். ஆனால் தினந்தோறும் காவல் இருப்பவர்கள் ஒரு சிலரே. ஸ்டென்பர்க்கே முதல் இருபது வருஷங்களில் பெரும்பகுதி, பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு, ஓய்வு நேரத்தில்தான் இதைக் கவனித்தார். 2017-ல் சுவீடனின் போல்ஹெம் பரிசு அவருக்குக் கிடைத்தது, மன்னர் கையால் தங்கப் பதக்கம் வாங்கினார். பதக்கம் வந்துவிட்டது, இதையே முழு நேர ஜீவனமாக்கிக்கொள்ள 2019 வரை காத்திருக்க நேர்ந்தது!

47-க்கு எதிரே பூஜ்யம்

2025-ல் ஐரோப்பாவில் நடந்த ஒரு மாநாட்டில் ஸ்டென்பர்க் ஒரு பட்டியல் காட்டினார். 47 மோட்டார் கார் பிராண்டுகளின் பெயர்கள். அத்தனையும் கர்லைப் பயன்படுத்துகின்றன. அவற்றில் கர்லின் பராமரிப்புக்குப் பணம் கொடுக்கும் பிராண்டுகள் எத்தனை? பூஜ்யம்!

ஒரு காரில் ஒரு மரையாணிக்குக்கூட விலை உண்டு. டயர் விற்பவன் இலவசமாகக் கொடுப்பதில்லை. கண்ணாடி விற்பவனிடம் "உன் கண்ணாடி நன்றாயிருக்கிறது, பாராட்டுகிறோம், காசு கிடையாது" என்று சொல்ல முடியுமா? ஆனால் காரை வலையோடு இணைக்கும் இந்தச் சரக்குக்கு மட்டும் காசு கிடையாது. இதிலே வேடிக்கை என்னவென்றால், காரின் திரையில் எங்கோ ஒரு மூலையில் சட்டப்படி அச்சிட வேண்டிய அனுமதிச் சீட்டில் ஸ்டென்பர்க்கின் பெயரும் முகவரியும் இருக்கின்றன. அதைப் பார்த்துவிட்டு, கார் வாங்கியவர்கள் "என் காரில் வழிகாட்டி வேலை செய்யவில்லை, சரி செய்" என்று அவருக்குக் கடிதம் எழுதுகிறார்கள்! காரை விற்று லாபம் எடுத்தவன் ஒருவன், வாடிக்கையாளனின் வசவைக் கேட்பவன் இன்னொருவன்.

"இலவசமாகத்தானே கொடுத்தான்!"

கனவான்களின் முதல் வாதம் இது. "யாரும் அவன் கையைப் பிடித்து இழுக்கவில்லையே? தானாகக் கொடுத்தான், எடுத்துக்கொண்டோம். இதில் அநியாயம் எங்கே?"

சரி, அனுமதிச் சீட்டையே எடுத்துப் படிப்போம். எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், விற்கலாம் என்று அதில் எழுதியிருப்பது உண்மை. ஆனால் அதே சீட்டில் அடுத்தாற்போல் இன்னொன்றும் எழுதியிருக்கிறது. உள்ளது உள்ளபடி தருகிறோம், எந்த உத்தரவாதமும் கிடையாது என்று! முதல் பாதியைக் கம்பெனிகள் மனப்பாடம் செய்திருக்கின்றன. இரண்டாம் பாதியைப் படிக்கும்போது கண் மங்கிவிடுகிறது.

ஸ்டென்பர்க் கொடுத்தது எழுதி முடித்த சரக்கு. நாளைய உழைப்பை, நடுராத்திரி விழிப்பை, 24 மணி நேரத்தில் பதில் சொல்லும் கடமையை அவர் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. ஊருக்குக் கிணறு வெட்டிக் கொடுத்தவனிடம் போய், "என் வீட்டுக்குத் தினமும் நீர் இறைத்துக் கொண்டுவா, தாமதமானால் விடமாட்டேன்" என்று ஊர்ப் பெரிய மனிதர் மிரட்டினால் அது என்ன நியாயம்? சரக்கு இலவசம். உழைப்பு இலவசமல்ல. இந்த வித்தியாசத்தைக் குழப்பித்தான் பிழைப்பு நடத்துகிறார்கள்.

சில கம்பெனிகள் பணம் கொடுக்கின்றன, சில கம்பெனிகள் தங்கள் ஊழியர்களை அனுப்பி வேலையில் பங்கெடுக்கின்றன. அதை மறைக்க வேண்டியதில்லை. கொடுப்பவர்கள் கொடுக்கிறார்கள் என்பதே, கொடுக்க முடியும் என்பதற்குச் சாட்சி. கொடுக்காதவர்களுக்கு இனி என்ன சாக்கு?

"எல்லாம் தானாக நடக்கும்!"

இரண்டாவது வாதம் இது. "அதுதான் இத்தனை வருஷம் நடந்ததே! ஏன் அலறுகிறீர்கள்?"

எப்படி நடந்தது என்று பார்ப்போம். "ஓப்பன் எஸ்.எஸ்.எல்." என்று இன்னொரு லைப்ரரி. வலையில் போகும் செய்திகளுக்குப் பூட்டுப் போடும் வேலை அதனுடையது. பாங்குகளும் கடைகளும் சர்க்கார்களும் அதன் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தன. அதைப் பராமரித்தவர்களுக்கு வருஷத்துக்குக் கிடைத்த நன்கொடை சுமார் 2,000 டாலர். முழு நேர ஊழியர் ஒரே ஒருவர்!

2014 ஏப்ரலில் குட்டு வெளிப்பட்டது. "ஹார்ட்பிளீட்" என்று அந்த ஓட்டைக்குப் பெயர். ஒருவன் களத்துக்கு ஒரு படி நெல்லைக் கொண்டுவந்து கொட்டிவிட்டு, "நான் போட்டது ஒரு மூட்டை, திருப்பிக் கொடு" என்கிறான். கணக்குப் பார்க்காமல் களத்துக்காரன் பக்கத்தில் கிடந்த ஊரார் நெல்லையும் சேர்த்து அள்ளி மூட்டை கட்டிக் கொடுக்கிறான். அப்படித்தான் நடந்தது. அனுப்பியது நாலு எழுத்து. "64 ஆயிரம் எழுத்து அனுப்பினேன்" என்று பொய் சொன்னால், சர்வர் தன் நினைவில் பக்கத்தில் கிடந்த பிறருடைய ரகசியச் சொற்களையும் சேர்த்து அள்ளிக் கொடுத்தது. 2012 மார்ச்சில் பதிப்போடு வெளியே வந்த தவறு இரண்டு வருஷம் யார் கண்ணிலும் படவில்லை. சுமார் 5 லட்சம் சர்வர்கள் திறந்து கிடந்தன. கனடா நாட்டு வரி அலுவலகத்திலிருந்து சுமார் 900 பேருடைய அடையாள எண்கள் திருட்டுப் போயின. அந்த 900 பேர் யார்? வரி கட்டிய சாதாரண மக்கள்!

அதன் பிறகுதான் பெரிய கம்பெனிகள் பை அவிழ்த்தன. வருஷத்துக்கு ஆளுக்கு ஒரு லட்சம் டாலர், மூன்று வருஷத்துக்குத் தருகிறோம் என்று ஒரு டஜன் கம்பெனிகள் முன்வந்தன. பணம் இல்லாமல் இருக்கவில்லை, தோழர்களே! வீடு பற்றி எரிந்த பிறகு வாளியைத் தேடினார்கள்.

பாடம் கற்றுக்கொண்டார்களா? பத்து வருஷம் கழித்து 2024-ல் என்ன நடந்தது? "எக்ஸ்-இஸட்" என்று செய்திகளைச் சுருக்கிக் கட்டும் ஒரு லைப்ரரி. அதைப் பல காலமாகத் தனி ஆளாகக் காத்தவர் ஒருவர். அவருக்குச் சம்பளம் கிடையாது. 2022-ல் அவர் மனம் சோர்ந்திருப்பதையும் இது கூலியில்லாத வேலை என்பதையும் வாய்விட்டே சொன்னார். அதே சமயத்தில், "ஏன் இவ்வளவு தாமதம்? வேறு ஆளிடம் கொடு" என்று முகம் தெரியாதவர்கள் நெருக்கினார்கள். "நான் உதவுகிறேன்" என்று ஒரு புனைபெயர்க்காரன் வந்தான். இரண்டு வருஷத்துக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து நம்பிக்கையைச் சம்பாதித்தான். சாவி கைக்கு வந்ததும் 2024-ன் தொடக்கத்தில் ஒரு கள்ளக் கதவை உள்ளே வைத்துவிட்டான்.

உலகத்தின் சர்வர்களைத் திறந்து போட்டிருக்கக் கூடிய அந்தச் சதி எப்படிப் பிடிபட்டது? ஆண்ட்ரெஸ் பிராயண்ட் என்ற பொறியாளர், உள்ளே நுழைய அரை வினாடி அதிகமாகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டிப் பார்த்தார். 2024 மார்ச் 29-ல் அம்பலப்படுத்தினார். அரை வினாடி! உலகத்தின் பாதுகாப்பு ஒரு மனிதனின் சந்தேகத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. தனியாகக் காவல் நின்று களைத்துப்போனவனிடமிருந்துதான் கள்வன் சாவியை வாங்கினான். அவனுக்குத் துணை ஆளும் கூலியும் இருந்திருந்தால் சாவி அவ்வளவு சுலபமாகக் கை மாறியிருக்குமா?

தலையில் ஏற்றிய புதுப் பாரம்

இப்போது புதிதாக ஒரு தொல்லை முளைத்திருக்கிறது. ஓட்டை கண்டுபிடித்துச் சொல்பவர்களுக்குக் கர்ல் திட்டம் 2019 முதல் பரிசுப் பணம் கொடுத்து வந்தது. நல்ல ஏற்பாடு. உண்மையான குறைகள் பல வெளிவந்தன. ஆனால் செயற்கை அறிவு இயந்திரங்கள் வந்த பிறகு, ஒன்றுமே புரியாதவர்கள் அந்த இயந்திரத்திடம் ஒரு ஓட்டையைக் கற்பனை செய்யச் சொல்லி, பக்கம் பக்கமாக அறிக்கை அனுப்பத் தொடங்கினார்கள். பார்வைக்கு ஜோராக இருக்கும். உள்ளே பதர்! எழுதியவனுக்கு ஒரு நிமிஷ வேலை. அது பொய் என்று நிரூபிக்கப் பராமரிப்பவர்களுக்கு மணிக்கணக்கான வேலை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, 2026 ஜனவரி முடிவோடு பரிசுத் திட்டத்தையே மூடினார்கள்.

செயற்கை அறிவு வியாபாரத்தில் பணம் வெள்ளமாய்ப் பாய்கிறது. அந்த இயந்திரம் கொட்டும் குப்பையை வாருவதற்கு மட்டும் கூலி கிடையாது.

பூட்டுவதா, காப்பதா?

சிலர் கோபத்தில் ஒரு யோசனை சொல்கிறார்கள். "இலவசத்தை நிறுத்து, ஒவ்வொருவரிடமும் விலை வாங்கு!" இது தவறான வழி. ஏரிக்குப் பூட்டுப் போட்டால் யார் தவிப்பார்? பெரிய கம்பெனி பணத்தை வீசிவிட்டுப் போகும், அல்லது தானே ஒன்று எழுதிக்கொள்ளும். தவிப்பவன் மாணவன், சிறு தொழில் செய்பவன், ஏழை நாட்டுப் பள்ளிக்கூடம். யாரும் பார்க்கலாம் என்று திறந்திருப்பதால்தான் கள்ளக் கதவும் பிடிபட்டது. பொதுச் சொத்து பொதுச் சொத்தாகவே இருக்க வேண்டும். அதைக் காப்பவனுக்குக் கூலி வேண்டும். இரண்டும் சேர்ந்ததுதான் நியாயம்.

வழி இல்லாமல் இல்லை. ஜெர்மன் சர்க்கார் 2022-ல் இப்படிப்பட்ட பொது மென்பொருள்களுக்கென்று ஒரு நிதி ஏற்படுத்தியது. தொடக்கத்திலேயே உதவி பெற்றவற்றில் கர்லும் ஒன்று. சாலைக்கும் பாலத்துக்கும் செலவிடுவது போல இதற்கும் செலவிட வேண்டும் என்று ஒரு சர்க்காருக்காவது புரிந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. சரக்கை விற்கும் கம்பெனிதான், அதற்குள் இருக்கும் பிறர் எழுதிய பாகங்கள் உட்பட, பாதுகாப்புக்குப் பொறுப்பு என்கிறது அந்தச் சட்டம். அதன் முக்கிய விதிகள் 2027 டிசம்பரில் அமலாகின்றன. இனி "எழுதியவனைக் கேள்" என்று கை காட்டித் தப்ப முடியாது. ஆனால் ஒரு எச்சரிக்கை. சட்டம் வந்துவிட்டது என்று சும்மா இருந்தால், கம்பெனிகள் இன்னும் கட்டுக் கட்டாகக் கேள்விப் பட்டியல் அனுப்பி, பாரத்தை மறுபடியும் கூலியில்லாதவன் தலையிலேயே ஏற்றும்.

கேட்க வேண்டியது என்ன?

ஒன்று: தன் சரக்குக்குள் எந்தெந்தப் பொது மென்பொருள் இருக்கிறது என்று ஒவ்வொரு கம்பெனியும் பட்டியல் எழுதி வெளியிட வேண்டும்.

இரண்டு: இயந்திரப் பராமரிப்புக்கு வரவு செலவுத் திட்டத்தில் பணம் ஒதுக்குவதுபோல, அந்தப் பட்டியலில் உள்ளவற்றின் பராமரிப்புக்கும் வருஷா வருஷம் ஒதுக்க வேண்டும். தர்மமாக அல்ல, கூலியாக!

மூன்று: பொதுப் பணத்தில் கம்ப்யூட்டர் வாங்கும் ஒவ்வொரு சர்க்காரும் இதற்கென்று நிரந்தர நிதி வைக்க வேண்டும்.

நான்கு: ஒரே ஆளின் முதுகில் உலகத்தை ஏற்றி வைக்கும் ஏற்பாடு ஒழிய வேண்டும். ஒவ்வொரு முக்கியமான லைப்ரரிக்கும் மாற்றாள் வேண்டும், ஓய்வு வேண்டும். மூன்று ஷிப்டு வேலையை ஒரே ஆள் பார்க்கும் ஆலையில் விபத்து நடப்பது விதியா, முதலாளியின் கஞ்சத்தனமா?

சென்னையிலும் கோவையிலும் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் உங்கள் பிள்ளைகளிடம், தம்பி தங்கைகளிடம் இதைக் கேளுங்கள்: "நீ தினமும் எடுத்தாளும் கருவியை எழுதியவன் யார்? அவனுக்கு உன் கம்பெனி என்ன கொடுக்கிறது?" அவர்கள் முதலில் விழிப்பார்கள். பிறகு யோசிப்பார்கள். பிறகு தங்கள் கம்பெனிக்குள்ளே கேட்பார்கள். உள்ளேயிருந்து எழும் கேள்விக்குக் கம்பெனி காது கொடுத்தே ஆக வேண்டும்.

கர்ல் எழுதிய கை சுவீடனில் இருக்கிறது. எக்ஸ்-இஸட் காத்துக் களைத்த கை பின்லாந்தில் இருக்கிறது. அவர்கள் மொழி நமக்குத் தெரியாது, நம் மொழி அவர்களுக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் காக்கும் மதகு வழியாகத்தான் இன்று நம் செய்தியும் பாய்கிறது. மதகைக் காப்பவனுக்குக் கூலி கொடுக்காத ஊர் ஒரு நாள் வெள்ளத்துக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். வெள்ளம் வரும் வரை காத்திருக்காதீர்கள்! இப்போதே கேளுங்கள்!